நிழல் போன சரிவு: தாண்டிக்குடிப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2017 செப்டம்பரில் ஒரு நாள் காலை, எங்கள் தோட்டத்தின் மேற்குச் சரிவில் இலை மஞ்சளாகித் தொங்கிய ஒரு காப்பிச் செடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். வேர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். வேர் அசையவில்லை. என் இடுப்பு உயரத்தில் தண்டு மட்டும் முறிந்து கையோடு வந்துவிட்டது. நாற்பது வயதுச் செடி. முறித்துப் பார்க்க அரிவாள் வேண்டும். முறிந்த வாயில் வளைவளைவான பாதைகள். அவை வெறுமையாகவும் இல்லை. மரத்தூள் உள்ளே இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது, நகத்தால் கீறினால்தான் உதிர்ந்தது. இன்னும் ஓர் அங்குலம் பிளந்தபோது தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கிய, காலில்லாத வெண்மஞ்சள் புழு ஒன்று சுருண்டு கிடந்தது.

அதுதான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான், காப்பித் தண்டைக் குடையும் ஒரு வண்டின் புழு. அடுத்த நான்கு ஆண்டுகளில் எங்கள் இரண்டு ஏக்கரில் தொள்ளாயிரம் செடிகளுக்கு மேல் பிடுங்க வைத்தது அந்தப் புழு. ஆனால் இந்த ஆய்வு புழுவைப் பற்றியது மட்டும் இல்லை. புழு வருவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் விற்ற அறுபத்து நான்கு மரங்களைப் பற்றியது.

தோட்டமும் செடியும்

தோட்டம் கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட சரிவில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாத்தா 1978-ல் எஸ்.795 என்ற அரபிக்கா ரகத்தை ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டார். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 1,200 செடி வரும். பாறையும் பாதையும் போக எங்களிடம் 2,300 செடி இருந்தது. மேலே பலா, அத்தி, நாவல், சந்தன வேம்பு. நடுவில் சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகுக் கொடி. அதற்கும் கீழே கல்யாண முருங்கை, கமலா ஆரஞ்சு, மலைவாழை. இந்த அடுக்குகளுக்கெல்லாம் அடியில்தான் காப்பி. புதிதாக வருகிறவர்கள் தோட்டத்துக்குள் நின்றுகொண்டே, "தோட்டம் எங்கே?" என்று கேட்பார்கள்.

அரபிக்கா காப்பியின் பிறப்பிடம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். பெரிய மரங்களின் கீழே, இலை உதிராமல் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் குறுமரம் அது. இன்றும் அந்தக் காடுகளில் தானாக முளைத்து நிற்கிறது. அரபிக்காவின் இலை உச்சி வெயில் முழுவதையும் பயன்படுத்திக்கொள்வதில்லை. முழு வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலே அதன் தேவை நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் விழுகிற வெயில் இலையைச் சுடுகிறது, மண்ணைக் காய வைக்கிறது. இந்தியாவில் காப்பி நட்ட முன்னோர்கள் இதை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. ஆனாலும் நாட்டின் காப்பி பெரும்பாலும் இன்றுவரை மர நிழலில்தான் விளைகிறது.

பிரேசிலில் திறந்த வெயிலில் காப்பி வளர்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எங்களிடமும் கேட்டார்கள். வளர்கிறது. அங்கே அதற்கு ஈடாக உரத்தைக் கொட்டுகிறார்கள், செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டிப் புதுப்பிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் துளைப்பான் வண்டு அங்கே இல்லை. இது ஆசியாவின் பூச்சி. நம் மலையில் அந்த முறையை அப்படியே வைத்தால் நாம் கொடுக்கும் விலை வேறு.

மரம் வெட்டிய ஆண்டு

2015 பிப்ரவரியில் சில்வர் ஓக் மரங்களை வெட்டினோம். வீட்டில் ஒரு கடன் இருந்தது. மரத்துக்கு விலையும் நன்றாக இருந்தது. வாங்க வந்தவர், "மரம் போனால் வெயில் விழும், வெயில் விழுந்தால் காய்ப்பு கூடும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இதில் வேதனை. ஆட்கள் வந்ததோடு வந்ததாகக் கல்யாண முருங்கைகளையும் மொட்டையடித்தோம். காப்பிச் செடிகளுக்கும் கவாத்து பலமாக நடந்தது. நடுவில் காற்றோட்டம் வேண்டும் என்று உச்சிப் பகுதியை அகலமாகத் திறந்துவிட்டோம். அப்பாவுக்கு மனமில்லை. "நிழல் ஒரே வருஷத்தில் போகக் கூடாது, பகுதி பகுதியாக எடுக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னார். முதல் ஆண்டிலேயே மொத்தமாக வெட்டினால்தான் லாரிக் கூலி கட்டும் என்று கணக்குப் போட்டவன் நான்.

அந்தக் கோடையில் தோட்டத்துக்குள் தொப்பி இல்லாமல் நடக்க முடியவில்லை. அதற்கு முன்பு அப்படி நேர்ந்ததே இல்லை.

2016 ஏப்ரலில் பூத்த பூவை என்னால் மறக்க முடியாது. காப்பி பூப்பதற்கு ஒரு நல்ல கோடைமழை வேண்டும். மொட்டுகள் காத்திருக்கும், மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் மொத்தத் தோட்டமும் ஒரே காலையில் வெடிக்கும். மல்லிகை மணம். கிளை தெரியாமல் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், ஆனால் அந்த மூன்று நாளும் தேனீக்களின் இரைச்சல் காதை அடைக்கும். முந்தைய ஆண்டு வெயிலில் வளர்ந்த கிளைகளில் கணுக்கள் நெருங்கி இருந்தன. ஒவ்வொரு கணுவிலும் பூ. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மரம் வாங்கியவர் சொன்னது பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

காப்பிச் செடிக்கு ஓர் இயல்பு உண்டு. மா, கொய்யா போன்றவை தாங்க முடியாத பிஞ்சுகளைத் தாமே உதிர்த்துவிடும். காப்பி அவ்வளவு எளிதில் உதிர்க்காது. பிடித்த காயை எல்லாம் வளர்க்கப் பார்க்கும். இலையிலும் கிளையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் காய்க்கே கொடுக்கும். கடைசியில் கிளை நுனி கருகி இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும். நிழலில் இருக்கும்போது பூவே அளவாகப் பூப்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. செடியால் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள முடியாததை மேலே நிற்கும் மரம் செய்து கொடுக்கிறது. இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. எங்கள் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். காய் முற்றும் நேரத்தில் மண் காய்ந்தது. நிழல் இருந்த தோட்டங்களும் வாடத்தான் செய்தன, ஆனால் சருகு மெத்தைக்கு அடியில் அவற்றின் மண்ணில் ஈரம் இருந்தது. எங்கள் மேற்குச் சரிவில் சருகே இல்லை. சருகு உதிர்க்க மரம் இல்லையே! பறித்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாதிக்கு மேல் மிதந்தது. மிதக்கும் பழத்தில் பருப்பு சரியாகத் திரண்டிருக்காது.

தவறாகக் கண்டறிந்த ஆறு மாதம்

2017 கோடையில் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சளாயின. வறட்சி என்று நினைத்து யூரியா கொடுத்தோம், குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டோம். தேறவில்லை. நாங்கள் சரியாகப் பார்த்திருந்தால் ஏப்ரலிலேயே பிடித்திருக்கலாம் என்பதால், எதை எப்படிப் பிரித்தறிவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வறட்சி என்றால் ஒரு பகுதியில் உள்ள செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல வாடும். மாலையில் கொஞ்சம் நிமிரும். வேரழுகல் என்றால் ஒரு செடியில் தொடங்கி வட்டமாகப் பக்கத்துச் செடிகளுக்குப் பரவும். தூரைத் தோண்டினால் பட்டைக்கு அடியில் பூஞ்சை தெரியும். இலைத்துரு என்ற பூஞ்சை நோய் என்றால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினாலே ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டும். இலைத்துருவை அரபிக்கா விவசாயி யாரும் சாதாரணமாக நினைக்க மாட்டார். 1869-ல் இலங்கையில் அது கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. காட்டை அழித்து மலை முழுவதும் ஒரே பயிராக வைத்திருந்ததால் பூஞ்சையைத் தடுத்து நிறுத்த இடையில் எதுவுமே இல்லை. அந்தத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து நடந்தே போன குடும்பங்களின் கதையை இங்கே சொல்ல இடம் இல்லை. ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

தண்டுத் துளைப்பான் இவை எதைப் போலவும் இருக்காது. நல்ல செடிகளுக்கு நடுவில் தனித்தனியாக வாடும். வெளியே துளையும் தெரியாது, தூளும் கொட்டாது. புழு தான் அரைத்த தூளைத் தன் பின்னாலேயே அடைத்துக்கொண்டு போவதால் தண்டு வெளிப்பார்வைக்கு முழுமையாக இருக்கும். வட்டமான துளை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். அப்போது பார்த்துப் பயன் இல்லை. அதற்கு முன்னால் கண்டுபிடிக்க ஒரே வழி, தண்டைத் தடவிப் பார்ப்பதுதான். புழு முதல் இரண்டு மாதம் பட்டைக்குக் கீழேயே சுற்றுகிறது. அந்தப் பாதையின் மேல் பட்டை தடித்து, தண்டைச் சுற்றி மேடு தட்டியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கட்டைவிரலை அழுத்திக் கீழிருந்து மேலாக ஓட்டினால், புறங்கை நரம்பைத் தொடுவதுபோல் தட்டுப்படும்.

எங்களிடம் முப்பது ஆண்டுகளாகப் பழம் பறிக்க வரும் ஒரு அக்கா இருக்கிறார். முதல் நாள் நான் காட்டிய இரண்டு தண்டுகளைத் தடவிப் பார்த்தார். மூன்றாவது செடியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதிலும் இருக்கிறது, ஆனால் இலை நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். பிளந்து பார்த்தோம். இருந்தது. அதன் பிறகு தண்டு பார்க்கும் வேலையை அவர் பொறுப்பிலேயே விட்டோம். அவர் கையின் கணிப்பு பிசகியது மிக அபூர்வம்.

வரைபடம் சொன்னது

தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்த் தண்டைக் காட்டியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நிழல் மரம் ஏதாவது எடுத்தீர்களா?" என்பதுதான். திரும்பி வந்து கட்டம் போட்ட தாளில் தோட்டத்தை வரைந்தேன். பிடுங்க வேண்டிய ஒவ்வொரு செடிக்கும் சிவப்புப் புள்ளி, வெட்டிய ஒவ்வொரு சில்வர் ஓக் அடிக்கட்டைக்கும் கறுப்புப் பெருக்கல் குறி.

முதல் சுற்றில் 286 செடி. அவற்றில் 211 மேற்குச் சரிவில், கறுப்புக் குறிகளைச் சுற்றியே கொத்துக் கொத்தாக இருந்தன. பலாவும் அத்தியும் நிற்கும் ஓடையோரப் பகுதியில் மொத்தமே ஏழு புள்ளி. அந்தத் தாளை அப்பா வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காரணம் வண்டின் பழக்கத்தில் இருக்கிறது. கறுப்பு உடலில் வெளிர்க் கோடுகள் போட்ட சிறிய வண்டு அது. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். சுள்ளென்று வெயில் அடிக்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பெண் வண்டு வெயில் படும் தண்டைத் தேடி, வெடித்த பட்டை இடுக்குகளில் முட்டையிடும். பத்து நாளில் பொரியும் புழு பட்டையில் தொடங்கிக் கட்டைக்குள் நுழைந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டை உள்ளேயே கழித்துவிட்டு வண்டாக வெளியே வரும். நிழலில் நிற்கும் தண்டை அது அவ்வளவாக விரும்புவதில்லை. நாங்கள் மேல் நிழலை எடுத்தோம், கவாத்து என்ற பெயரில் செடியின் தலையையும் திறந்தோம். இரண்டும் சேர்ந்து நடுத்தண்டின் மேல் நேராக வெயிலை இறக்கின. தண்டுகளோ நாற்பது ஆண்டு வயதானவை. செதில் செதிலாக வெடித்த பட்டை. முட்டையிட அதைவிட வசதியான இடம் அந்த வண்டுக்குக் கிடைக்காது.

விறகுக் குவியல்

இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனால் இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்று நம்புகிறேன்.

பிடுங்கிய 286 செடியையும் உடனே எரித்துவிடச் சொன்னார்கள் ஆராய்ச்சி நிலையத்தில். எரிக்க முடியாவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீருக்குள் மூழ்க வைக்கலாம் என்றும் சொன்னார்கள். காப்பிக் கட்டை நல்ல விறகு, நின்று எரியும். வீட்டுக்கு ஆகும் என்று தூர்ப்பகுதிகளை வெட்டி, பழம் அரைக்கும் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கிவிட்டோம். வேரோடு பிடுங்கியாயிற்று, செடி செத்துவிட்டது, புழுவும் செத்துவிடும் என்று நினைத்தோம்.

அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. தண்டு தடவும் அக்கா கொட்டகைக்குப் பின்னால் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். அடுக்கிய கட்டைகளின் மேல் வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பட்டையில் பென்சில் முனை நுழையும் அளவு வட்டத் துளைகள், புத்தம் புதியவை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று துளை வாயில் தலையை நீட்டி, உணர்கொம்பை அசைத்து, முழுவதும் வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பறந்தது. கொட்டகையிலிருந்து காப்பிச் செடி இருபதடி.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் எரித்தோம். ஆனால் எத்தனை பறந்து போயிருந்தன என்பதற்குக் கணக்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. 2018 மார்ச்சில் 174 செடி எடுத்தோம். குறைகிறது என்று நினைத்தோம். அதே ஆண்டு செப்டம்பரில் 203. கூடுதலாக வந்தவை எல்லாம் கொட்டகையைச் சுற்றி, அதுவரை சுத்தமாக இருந்த கிழக்குப் பகுதியில். தண்டுக்குள் புழு இருக்கும் காலத்தைக் கணக்கிட்டால் அவை விறகுக் குவியலின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

என்ன செய்தோம்

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே ஒவ்வொரு தண்டையும் தடவிப் பார்த்துப் பாதித்ததைப் பிடுங்கி அன்றே எரிப்பது முதல் வேலை. இதில் சலுகையே இல்லை. பூத்து நிற்கும் செடியைப் பிடுங்க யாருக்கும் கை வராது. இன்னும் ஒரு பறிப்பு எடுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஒரு பறிப்புக்காக விடும் செடியிலிருந்து வெளியேறும் வண்டு அடுத்த வரிசையில் முட்டையிடும்.

அடுத்தது தண்டைத் தேய்ப்பது. தேங்காய் நாரைக் கையில் சுருட்டிக்கொண்டு நடுத்தண்டையும் தடித்த வாதுகளையும் தேய்த்தால் வெடித்த செதில் பட்டை உதிர்ந்துவிடும். உள்பட்டையின் பச்சை தெரியக் கூடாது. தெரிந்தால் அழுத்தம் அதிகம். வழவழப்பான தண்டில் முட்டையிட இடுக்கு இல்லை, இட்டாலும் ஒட்டி நிற்காது. ஒரு ஆள் ஒரு நாளில் தேய்ப்பது கொஞ்சம்தான், கூலி கடிக்கும். ஆனாலும் நாங்கள் செய்த வேலைகளில் செலவுக்கு ஏற்ற பலனைத் தெளிவாகக் கொடுத்தது இதுதான். தேய்த்த தண்டுக்குச் சுண்ணாம்பு: 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பும் 200 மில்லி பசையும். ஏப்ரலில் அடித்தது நன்றாக நிற்கிறது. அக்டோபரில் நம் பகுதிக்கு அடைமழை, அடித்ததைக் கழுவிவிடும். மழை விட்டு வெயில் வரும் இடைவெளியைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும், வண்டும் அந்த இடைவெளியில்தான் வரும்.

இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில் கட்டினோம். இந்த வண்டில் வாசனையை விடுவது ஆண். பெண் தேடி வரும். முட்டையிட வேண்டிய பெண்ணே பொறியில் சிக்குவது நல்லதுதான். ஆனால் பொறியை மட்டும் நம்பிய பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு ஒன்றும் குறையவில்லை. பறக்கும் பருவம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்கே நான் இப்போது பொறியைப் பார்க்கிறேன்.

ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி இனத்துக்கு மாறச் சொன்னவர்களும் உண்டு. அதை இந்தத் துளைப்பான் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. எங்கள் உயரத்துக்கும் குளிருக்கும் அரபிக்காதான் பொருத்தம் என்று அப்பா உறுதியாக இருந்தார். நானும் அவர் பக்கம்தான்.

மீண்டும் நிழல்

மேலே சொன்ன எல்லாம் காயத்துக்குக் கட்டுப் போடுவது போலத்தான். நிழல் திரும்பாமல் எதுவும் நிலைக்காது என்பதை வரைபடம் காட்டிவிட்டது.

2018 அக்டோபரில் கல்யாண முருங்கைப் போத்து நட்டோம். ஆறடி நீளக் கொம்பு, அடிமுனையைச் சாய்வாகச் சீவி, மேல் முனையில் சாணம் அப்பி, ஈர மண்ணில் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். துளிர்த்தன. நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாக எங்கள் மலையையும் தொட்டுக்கொண்டு மேற்கே போனது. காலையில் போய்ப் பார்த்தால் போத்துகள் சாய்ந்து கிடந்தன, மலைவாழை தரையோடு தரையாக. அந்தப் பலாவும் அத்தியும் மட்டும் நின்றன. அவற்றுக்குக் கீழே இருந்த காப்பிக்கும் சேதம் இல்லை.

2019 ஜூனில் மறுபடி நட்டோம். உடனடி நிழலுக்கு மலைவாழை. விருப்பாட்சி ரகம், மூன்றடுக்கில் அதுதான் சீக்கிரம் எழும். இரண்டு மூன்று ஆண்டில் நிழல் தரக் கல்யாண முருங்கை. அது பயறுக் குடும்பம், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும், கழித்துப் போடும் தழையும் நல்ல உரம். நிரந்தரத்துக்குப் பலா, அத்தி, நாவல் நாற்றுகள். சில்வர் ஓக்கை மிளகுக்காக வைத்தோம், ஆனால் எட்டில் ஒன்று என்ற அளவில்தான். நேராக, வேகமாக வளர்கிறது என்பதால் எல்லோரும் அதையே நடுகிறோம். ஒரே வயதில் நிற்கும் ஒரே ரக மரம் ஒரே நாளில் விற்றுப் போகும் என்பதை அனுபவித்துவிட்டோம். பல வயதில் பல மரம் இருந்தால் வெட்டினாலும் வானம் மொத்தமாகத் திறக்காது.

பிடுங்கிய இடங்களில் பாதிக்கு எஸ்.795 நாற்றே வைத்தோம். மேற்குச் சரிவில் சந்திரகிரி. குட்டை ரகம், அடர்ந்து தாழும் கிளைகள் தண்டைத் தாமே மூடிக்கொள்கின்றன. கவாத்தில் பழைய செடிகளின் உச்சியை ஓர் அரையடிக்கு மேல் திறப்பதில்லை. சிம்புகளை எடுக்கிறோம், காய்த்து ஓய்ந்த கிளையை எடுக்கிறோம், தண்டுக்குக் குடை பிடிக்கும் இலையை விட்டுவிடுகிறோம்.

நிழல் கூடினாலும் ஆகாது. ஓடையோரத்தில் பலா இரண்டு சேர்ந்து இருட்டடித்த மூலையில் காப்பி நெடுநெடுவென்று வளர்ந்து, கணுவுக்குக் கணு நீண்டு, கைப்பிடிக் காய்கூடக் கொடுக்காமல் நிற்கும். ஈரம் தேங்கினால் இலையும் காயும் கறுத்து அழுகும். 1990-ல் நீலகிரி கூடலூரில் முதன்முதலாகத் தென்பட்டு மற்ற காப்பிப் பகுதிகளுக்கும் பரவிய, காயைக் குடையும் வேறொரு வண்டான காய்த் துளைப்பானுக்கும் அடர் நிழல்தான் பிடிக்கும். எனவே நிழலை ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்கிறது. அளவுக்கு அப்பா வைத்திருக்கும் சோதனை எளிது: வெயில் நாளில் உச்சிவேளைக்கு வரிசையின் நடுவில் நின்று தரையைப் பார்க்க வேண்டும். வெயிற்பொட்டும் நிழலும் பாதிக்குப் பாதியாகக் கலந்து, காற்றடிக்கும்போது இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் வெயில் இருந்தால் அங்கே ஒரு போத்து ஊன்ற வேண்டும். பொட்டே இல்லாவிட்டால் ஒரு கிளை கழிக்க வேண்டும். கல்யாண முருங்கையைக் கழிக்கும்போது ஒரு மரம் விட்டு ஒரு மரம். அக்டோபரில் வண்டு பறக்கும் நேரத்தில் மேற்குச் சரிவில் அரிவாளே எடுப்பதில்லை.

இப்போது

பிடுங்கிய செடிகளின் எண்ணிக்கை 2021-க்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இறங்கியது. 2024 மார்ச்சில் பதினொன்று. எட்டு மேற்குச் சரிவின் உச்சியில், பாதையோரமாக. அங்கே மண் ஆழம் இல்லை, நட்ட போத்து மூன்று முறையும் பிடிக்கவில்லை. மூன்று கொட்டகைப் பக்கம். விளைச்சல் 2016-ன் பூவை நினைவூட்டும் அளவுக்கு இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்காமல் வருகிறது. நிழலில் மெதுவாகப் பழுப்பதால் பருப்பு திரண்டிருக்கிறது, தொட்டியில் மிதப்பது குறைவு.

உச்சிப் பகுதிக்கு இந்த முறை போத்து வேண்டாம், பாறை இடுக்கிலும் வேர் இறக்கும் அத்தியை வைத்துப் பார்க்கலாம் என்கிறார் அப்பா. ஓடையோரத்து மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகள் நான்கை வேர்மண்ணோடு எடுத்துக் கூடையில் வைத்திருக்கிறோம். ஐப்பசி முதல் மழைக்கு நட வேண்டும்.